ரிசீவரை மாற்றித் தனித்தனிக் கருவிகள் வாங்கலாமா? – கேள்வி-பதில்

கேள்வி: ஐந்து ஆண்டுகளாக ஏழு சேனல் ஏ.வி. ரிசீவர் வைத்திருக்கிறேன். ஹால் 12-க்கு 16 அடி. ஸ்பீக்கர்கள் 8 ஓம், சென்சிடிவிட்டி 88 டெசிபல். சண்டைக் காட்சி வந்தால் வீடே அதிர்கிறது. வசனம் மட்டும் புரிவதில்லை. கடையில் கேட்டால், "ரிசீவரில் பவர் பத்தாது, பிராசஸரையும் பவர் ஆம்பையும் தனித்தனியாக வாங்கிவிடுங்கள்" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். ரிசீவர் என்ற ஒரே பெட்டிக்குள், ஒலியைப் பிரித்துச் சேனல்களுக்கு அனுப்பும் பிராசஸரும், அதை ஸ்பீக்கரை ஓட்டும் அளவுக்குப் பெருக்கும் பவர் ஆம்பும் இருக்கின்றன. ஆம்ப் திணறினால் அது சத்தமான இடத்தில்தான் தெரியும். ஒலி கரகரக்கும், கூர்மையாகிக் காதைக் குத்தும், அல்லது ரிசீவர் 'புரொடெக்ட்' என்று காட்டிவிட்டு அணைந்துவிடும். உங்கள் வீட்டில் சத்தமான இடங்களில் ஒரு குறையும் இல்லை. மெதுவான இடத்தில்தான் கோளாறு. அதைப் பவர் ஆம்ப் சரிசெய்யாது.

கடைக்காரர் சொன்னதை நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். ஒரு மல்ட்டிமீட்டர் இருந்தால் வீட்டிலேயே அளந்துவிடலாம். கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 220 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை, ஆம்ப்ளிட்யூட் 0.25 என்று வைத்து, இரண்டு நிமிடத்துக்கு உருவாக்கி வேவ் கோப்பாகப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். 0.25 என்றால் உச்ச அளவுக்கு 12 டெசிபல் கீழே. இனி, நீங்கள் கேட்கும் மிகச் சத்தமான காட்சியை ஓட்டி, இதற்கு மேல் வைக்கவே மாட்டேன் என்ற இடத்தில் வால்யூமை நிறுத்தி, திரையில் தெரியும் எண்ணைக் குறித்துவையுங்கள். ரிசீவரை அணைத்து, முன்பக்க இரண்டு ஸ்பீக்கர் வயர்களையும் கழற்றுங்கள். மீண்டும் போட்டு, அதே எண்ணில் அந்தக் கோப்பை ரிசீவரின் யு.எஸ்.பி. வழியாக ஸ்டீரியோவில் ஓட்டுங்கள். மல்ட்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, இடது ஸ்பீக்கர் டெர்மினலில் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே அளவிடுங்கள். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. தொட்டால் ஆம்பின் அவுட்புட் டிரான்சிஸ்டர் போகவும் வாய்ப்புண்டு.

கிடைத்த வோல்ட்டை நான்கால் பெருக்குங்கள். ஒலிப்பதிவு உச்சத்தைத் தொடும் கணத்தில் உங்கள் ஸ்பீக்கருக்குத் தேவைப்படும் வோல்ட்டேஜ் அது. அதன் வர்க்கத்தை ஸ்பீக்கரின் ஓம் எண்ணால் வகுத்தால் வாட் வரும். மீட்டர் 3 வோல்ட் காட்டினால் 12 வோல்ட், 144-ஐ எட்டால் வகுக்க 18 வாட். 100 வாட் ரிசீவருக்கு இது தூசு. 220 ஹெர்ட்ஸைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. விலை குறைந்த மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் தவறாகக் காட்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் ஒலி சப்வூஃபருக்கு (தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) திருப்பிவிடப்படும்.

வந்த விடை ரிசீவரின் அறிவிக்கப்பட்ட வாட்டில் பாதிக்குக் கீழே இருந்தால் பவர் ஆம்ப் பேச்சையே விட்டுவிடலாம். அறிவிக்கப்பட்ட வாட் என்பதையும் பார்த்துப் படியுங்கள். பெட்டியில் பெரிதாகப் போடும் எண் பெரும்பாலும் 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரே சேனல், 10 விழுக்காடு டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) என்ற கணக்கு. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல் என்று ஒரு எண் இருக்கும். அதுதான் கணக்கில் சேரும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். 100 வாட்டை 200 வாட் ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்குச் சத்தம் இரட்டிப்பானதாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு பவர் வேண்டும். 88 டெசிபல் ஸ்பீக்கர் (ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தருவது) இருக்கும் ஹாலில் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ஒரே ஒரு வாட்டில் ஏறக்குறைய 80 டெசிபல் கிடைத்துவிடும். 100 வாட்டில் 100 டெசிபல். 200 வாட் ஆம்புக்குச் செலவழித்தால் 103.

இனி வசனத்துக்கு வருவோம். நம் வீட்டு ஹால்களில் டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஷோகேஸ். வசனம் நேராக ஒரு முறையும் எதிரொலித்துப் பல முறையும் காதுக்கு வருகிறது. சோஃபாவுக்கும் டிவிக்கும் நடுவே கனமான தரைவிரிப்பு ஒன்று, ஜன்னலுக்குத் தடித்த திரை. இவற்றுக்குப் பிறகு, வசனம் பெரும்பாலும் வரும் சென்டர் ஸ்பீக்கரைப் பாருங்கள். டிவி ஸ்டாண்டுக்குள் ஆழத்தில் தள்ளிவைத்திருந்தால் பலகையின் விளிம்புவரை முன்னே இழுத்து, காது மட்டத்தை நோக்கிச் சற்றுச் சாய்த்துவையுங்கள். மெனுவில் சென்டர் சேனலை 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள். எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவர் (எதற்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸ் வையுங்கள். இரவில் பார்ப்பவர்கள் டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரெஷனைப் போட்டுக்கொண்டால் வெடிச்சத்தம் அடங்கி வசனம் மேலே வரும்.

'வீடே அதிர்கிறது' என்பதற்கும் அறைதான் காரணம். உங்கள் ஹாலின் 16 அடி நீளத்தில் 35 ஹெர்ட்ஸும், 12 அடி அகலத்தில் 47 ஹெர்ட்ஸும் தேங்கி நிற்கும். ஒலியின் வேகமான 343 மீட்டரை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் இந்த எண்கள் வரும். சப்வூஃபரைச் சோஃபாவில் நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்து, பாஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். எங்கே ஒலி முழங்காமல் சீராக இருக்கிறதோ அங்கே சப்வூஃபரைக் கொண்டுபோய் வையுங்கள். செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் இரண்டாவது சப்வூஃபர் வாங்குங்கள். இருப்பதைப் போலவே இன்னொன்றாக இருந்தால் சரிக்கட்டுவது எளிது.

கேள்வி: என் ஸ்பீக்கர்கள் 4 ஓம். இதே கணக்கில் எனக்கு 130 வாட் வருகிறது. படம் முடிவதற்குள் ரிசீவர் சூடாகி அணைந்துவிடுகிறது. எனக்குமா வேண்டாம் என்பீர்கள்?

பதில்: உங்களுக்குப் பவர் ஆம்ப் வேண்டும். பிராசஸர் வேண்டாம். ரிசீவரை வைத்துக்கொண்டே முன்னேறலாம். இதைத்தான் பலரிடம் கடைகள் சொல்வதில்லை.

ஆனால் முதலில் ரிசீவர் மூச்சுவிடுகிறதா என்று பாருங்கள். மேலே 10 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். அதன் தலைமேல் செட்-டாப் பாக்ஸ் உட்கார்ந்திருந்தால் இறக்கிவையுங்கள். மெனுவில் உள்ள '4 ஓம்' அமைப்பைப் போட்டால் சூடு குறையும். ஆனால் பெரும்பாலான ரிசீவர்களில் அது உள் வோல்ட்டேஜைக் குறைப்பதால் பவரும் குறையும், உங்கள் தேவைக்கு அது எதிர்த்திசை.

பின்புறம் 'பிரீ-அவுட்' (வெளி ஆம்புக்கு ஒலியை அனுப்பும் வழி) என்று முன் இடது, வலது, சென்டர் மூன்றுக்கும் ஆர்.சி.ஏ. துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சப்வூஃபருக்கு மட்டும் இருந்தால் இந்த வழி அடைபட்டது. டெனானின் ஏ.வி.ஆர்.-எக்ஸ்3800எச், மரான்ட்ஸின் சினிமா 50 போன்றவற்றில் எல்லாச் சேனலுக்கும் உண்டு. விலை குறைந்த மாடல்களில் இராது. அப்படியானால் பிரீ-அவுட் உள்ள ரிசீவருக்கு மாறுவது, தனிப் பிராசஸர் வாங்குவதைவிட மலிவு.

மூன்று சேனல் பவர் ஆம்ப் போதும். படத்தின் சுமையில் பெரும்பகுதி முன்னே உள்ள மூன்றின் மேல்தான். அவற்றை வெளியே எடுத்துவிட்டால், ரிசீவரின் பவர் சப்ளை முழுவதும் சரவுண்ட் ஸ்பீக்கர்களுக்குக் கிடைக்கும், சூடும் தணியும். வாங்கும்போது 4 ஓமில் எத்தனை வாட், எத்தனை சேனல் ஒரே நேரத்தில் ஓடும்போது என்று கேளுங்கள். 200 வாட்டுக்குக் கீழே இருந்தால் உங்களுக்குப் பயனில்லை.

கெயின் எண்ணையும் பாருங்கள். உள்ளே வரும் வோல்ட்டை ஆம்ப் எத்தனை மடங்காக்கும் என்பது அது. 29 டெசிபல் கெயின் என்றால் ஏறக்குறைய 28 மடங்கு. 4 ஓமில் 200 வாட்டுக்கு 28 வோல்ட் வேண்டும், ரிசீவர் 1 வோல்ட் கொடுத்தால் போதும். கெயின் 26 டெசிபல், அதாவது 20 மடங்கு என்றால் 1.4 வோல்ட். பல ரிசீவர்களின் பிரீ-அவுட் 1 வோல்ட்வரை சுத்தமாக இருந்து, அதற்கு மேலே போகப்போக டிஸ்டார்ஷன் கூடும். ஆகவே ரிசீவரோடு சேர்க்க 29 டெசிபல் கெயின் உள்ள ஆம்ப் பொருத்தம்.

இணைத்தபின் மைக்கை வைத்து ரூம் காலிபரேஷனை (ரிசீவர் ஸ்பீக்கர்களின் ஒலி அளவைத் தானே அளந்து சரிசெய்வது) மறுபடி ஓட்ட வேண்டும். ஆம்பின் கெயின் வேறு என்பதால் பழைய அளவுகள் செல்லாது. இதை மறந்துவிட்டு, "புது ஆம்ப் வந்ததும் முன்பக்கம் பளிச்சென்று இருக்கிறது" என்று மகிழ்வோர் உண்டு. ஆம்பைக் கடைசியாகப் போடுங்கள், முதலாக அணையுங்கள், ஸ்பீக்கரில் 'டப்' சத்தம் வராது. ரிசீவரிலும் ஆம்பிலும் 12 வோல்ட் டிரிகர் துளை இருந்தால் ஒரு 3.5 மில்லிமீட்டர் மோனோ வயர் இந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

ஸ்பீக்கர் வயருக்குப் பெரிய விலை கொடுக்காதீர்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் நல்ல செம்புக் கம்பி, போய்வர 20 மீட்டருக்கு 0.14 ஓம்தான். 4 ஓம் ஸ்பீக்கருக்கும் அது தாராளம்.

கேள்வி: பவர் ஆம்ப் சேர்த்ததிலிருந்து ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல். ஆம்ப் கோளாறா?

பதில்: பெரும்பாலும் எர்த் லூப், அதாவது கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு இணைந்து வளையமாவது. ஆர்.சி.ஏ. வயர்களை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் ஆம்ப் நல்ல ஆம்ப். வயர்களை மாட்டிவிட்டு, செட்-டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி அல்லது டிஷ் வயரைத் திருகிக் கழற்றுங்கள். பல வீடுகளில் அந்தக் கணமே நின்றுவிடும். அப்படியானால் கேபிள் வயரில் ஐசொலேட்டர் போட்டால் தீர்ந்தது. நிற்காவிட்டால் டிவி, கேம் கருவி என்று ஒவ்வொன்றாக எச்.டி.எம்.ஐ.யைக் கழற்றுங்கள். ரிசீவரையும் ஆம்பையும் ஒரே பிளக் போர்டிலிருந்து எடுங்கள்.

எர்த் பின்னை உடைத்துவிடும் வைத்தியத்தை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். இரைச்சல் நிற்கும். உள்ளே ஒரு கம்பி உடைந்து பெட்டியைத் தொட்டால், ஆம்பைத் தொடுகிறவரின் உயிர் போகும்.

கேள்வி: ஆம்ப் ஸ்விட்சைப் போட்டதும் எம்.சி.பி. டிரிப் ஆகிறது. சில நாள் ஆகிறது, சில நாள் ஆவதில்லை.

பதில்: ஆம்புக்குள் இருக்கும் பெரிய டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் போட்ட கணத்தில் மின்சாரத்தை வாரி இழுக்கும். அந்தக் கணம் ஏ.சி. அலையின் எந்தப் புள்ளியில் விழுகிறது என்பதைப் பொறுத்து இழுப்பு மாறும், அதனால்தான் நாளுக்கு நாள் வித்தியாசம். 'பி' வகை எம்.சி.பி. தன் ஆம்பியர் எண்ணின் மூன்று முதல் ஐந்து மடங்கிலேயே உடனே விழும், 'சி' வகை ஐந்து முதல் பத்து மடங்குவரை தாங்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து, அதே ஆம்பியரில் 'சி' வகை போடச் சொல்லுங்கள். சுவருக்குள் ஓடும் வயர் தாங்குமா என்று பார்க்காமல் 6 ஆம்பியரை 16 ஆக்கிவிடக் கூடாது. பெரிய ஆம்புக்கு 16 ஆம்பியர் பாயின்ட்டும் தனி வயரும் இழுத்துக்கொள்வது நல்லது. ஸ்டெபிலைசர் வழியாகத்தான் ஓட்ட வேண்டும் என்றால், டிவிக்கு விற்பதைக் கொண்டு ஓட்டாதீர்கள், பாஸ் வரும்போதெல்லாம் ரிலே தட்டிக்கொண்டிருக்கும்.

கேள்வி: அப்படியானால் முழுவதும் தனித்தனியாக, பிராசஸரோடு வாங்குவது யாருக்குத்தான்?

பதில்: பதினொன்று, பதிமூன்று சேனல் ஓட்டுபவருக்கு. கருவிகளை ஒரு மூலையிலும் ஆம்பைப் பத்து மீட்டர் தள்ளி மேடையின் பின்னாலும் வைப்பவருக்கு (அந்தத் தூரத்துக்கு எக்ஸ்.எல்.ஆர். என்ற மூன்று பின் வயர் இரைச்சலை நன்றாகத் தவிர்க்கும்). தனி சினிமா அறை கட்டி, ஒலித்தடுப்புப் பலகையும் சப்வூஃபர்களும் முடித்துவிட்டு, கையில் பணமும் மீதி உள்ளவருக்கு.

மற்றவருக்கு எச்சரிக்கை: பவர் ஆம்ப் இருபது ஆண்டு உழைக்கும், பிராசஸருக்கு அந்த ஆயுள் இல்லை. தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸ் வீட்டுக்கு வந்தது 2014-இல். அதற்கு முந்தைய விலை உயர்ந்த பிராசஸர்கள் அன்றே பழசாயின. 2020-இல் எச்.டி.எம்.ஐ. 2.1 உடன் வந்த பல ரிசீவர்களிலும் பிராசஸர்களிலும் ஒரு சிப் கோளாறால் சில கேம் கருவிகளின் 4கே 120 ஹெர்ட்ஸ் படம் வரவில்லை. ஆகவே பவர் ஆம்பில் பணம் போடலாம், செகண்ட்-ஹேண்டிலும் வாங்கலாம். வாங்குமுன் உள்ளீடு எதுவும் இல்லாமல் ஆம்பைப் போட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் டி.சி. வோல்ட்டை அளவிடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: கடையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். தனி ஆம்ப் தெளிவாகவே மேலாக இருந்தது.

பதில்: ஒலி அளவைச் சமப்படுத்தினார்களா? அரை டெசிபல் கூடுதலாக இருந்தால் காது அதைச் 'சத்தம்' என்று உணராது, 'தெளிவு' என்றே உணரும். அதே 220 ஹெர்ட்ஸ் கோப்பை ஓட்டி, இரண்டிலும் ஸ்பீக்கர் டெர்மினலில் வோல்ட்டேஜ் 1 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போகும்படி வைத்துவிட்டு, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். அப்போதும் வித்தியாசம் தெரிந்தால் தாராளமாக வாங்குங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வருகிறவர் கொண்டுவந்தால் ஆம்ப் விலை வெகுவாகக் குறைகிறது. வாங்கலாமா?

பதில்: பின்புறத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். '120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ்' என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகப் போட முடியாது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 60-க்கென்று செய்த டிரான்ஸ்ஃபார்மரின் கோரில் காந்தச் சுமை ஐந்தில் ஒரு பங்கு கூடும். சூடாகும், முனகும். சில ஆம்புகளில் வோல்ட்டேஜ் தேர்வு ஸ்விட்ச் இருக்கும், அது இருந்தால் சிக்கல் இல்லை. இந்திய வாரண்டி மட்டும் பெரும்பாலும் கிடைக்காது.

இங்கேயே 'இறக்குமதி' என்று மலிவாக விற்றால், பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி இருந்தாக வேண்டும். பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். வாரண்டியை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதிவுசெய்யுங்கள். அதில் தீராவிட்டால், 50 லட்சம் ரூபாய்வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கடை வேறு ஊரில் இருந்தாலும்.