அட்மாஸ், ஆரோ, 5.1 இசைக்கோப்புகளை வீட்டில் முழுமையாகக் கேட்பது எப்படி? கேள்வி பதில்

பல திசைகளிலிருந்தும் ஒலிக்கும் இசைக்கோப்புகளை வாங்கியவர்களும், அவற்றுக்காக ரிசீவரும் (கோப்பின் ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தரும் பெட்டி) ஸ்பீக்கர்களும் அமைத்தவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளித்திருக்கிறேன். பெரும்பாலான சிக்கல்கள் ஸ்பீக்கரில் இல்லை, கோப்பு ரிசீவரைச் சென்றடையும் வழியில்தான் இருக்கின்றன. அதனால் அந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன். 5.1 என்றால் சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், ஆழ்ந்த ஒலிக்கு ஒன்று. 7.1இல் சுற்றிலும் ஏழு, 7.1.4இல் அவற்றோடு மேலே நான்கு. அட்மாஸ், ஆரோ 3டி இரண்டும் உயரத்திலிருந்து வரும் ஒலியையும் சேர்த்துத் தரும் முறைகள்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: ஐயா, இணையக் கடை ஒன்றில் டால்பி ட்ரூஎச்டி அட்மாஸ் வடிவில் ஓர் ஆல்பம் வாங்கினேன். எம்கேவி கோப்பாக வந்தது. மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக ரிசீவருக்கு அனுப்பினால் எல்லா ஸ்பீக்கரும் ஒலிக்கின்றன, ஆனால் கூரையில் உள்ள நான்கும் மௌனமாக இருக்கின்றன. ரிசீவரின் திரையில் "மல்டி சேனல் பிசிஎம்" என்று வருகிறது. இது அட்மாஸ்தானா?

இல்லை. நீங்கள் கேட்பது அந்தக் கோப்பின் 7.1 பகுதி மட்டுமே. ட்ரூஎச்டி என்பது டால்பியின் இழப்பில்லாத ஒலி வடிவம். அந்தக் கோப்பில் பழைய கருவிகளுக்கும் புரியும்படி 5.1, 7.1 ஒலித்தடங்கள் உள்ளன. எந்த ஒலி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற அட்மாஸ் குறிப்புகள் அவற்றோடு தனி அடுக்காகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கணினியில் உள்ள பொதுவான மென்பொருள்கள் (விஎல்சி அவற்றுள் ஒன்று) கோப்பைத் தாமே பிரித்து, 7.1 வரை மட்டும் எடுத்துக்கொண்டு, மேலடுக்கைக் கைவிட்டுவிடுகின்றன. அதன் பிறகு ரிசீவருக்குப் போய்ச் சேருவது வெறும் பிசிஎம், அதாவது ஏற்கெனவே பிரிக்கப்பட்ட, குறிப்புகள் இல்லாத ஒலி. அதிலிருந்து உயரத்தின் ஒலியை ரிசீவரால் மீட்டெடுக்க இயலாது.

எனவே கோப்பை வழியில் யாரும் பிரிக்கக் கூடாது. முத்திரை உடையாத கடிதமாக அது ரிசீவரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பிரித்துப் படிக்கும் வேலை ரிசீவருக்கு மட்டுமே உரியது. இதைத்தான் பாஸ்த்ரூ என்றும் பிட்ஸ்ட்ரீம் என்றும் சொல்கிறார்கள். படமும் இசையும் ஓட்டும் கோடி (Kodi) மென்பொருளில் அமைப்புகளின் ஆடியோ பகுதிக்குச் சென்று, நிபுணர் நிலையைத் தேர்ந்தெடுத்தால் பாஸ்த்ரூ வசதி தெரியும். அதை இயக்கி, ட்ரூஎச்டி, டால்பி டிஜிட்டல் பிளஸ் (ஸ்ட்ரீமிங் சேவைகள் பயன்படுத்தும் வடிவம்) ஆகிய இரண்டையும் ரிசீவர் ஏற்கும் என்று குறியிடுங்கள். விண்டோஸ் கணினியானால் ஒலிக்கருவியாக வசாபி (WASAPI, விண்டோஸ் ஒலியை அனுப்பும் வழிகளுள் ஒன்று) என்று தொடங்கும் எச்டிஎம்ஐ வெளியீட்டைத் தேர்ந்தெடுங்கள், மற்றொரு வழியான டைரக்ட்சவுண்டில் ட்ரூஎச்டி போகாது. வீடியோ அமைப்பில் "திரையோடு ஒத்திசை" என்ற பொருள்படும் தேர்வு இயங்கினால் பாஸ்த்ரூ தானாக நின்றுவிடும், ஆகவே அதை அணைத்துவிடுங்கள். ஒலி அளவையும் கணினியில் மாற்றாமல் ரிசீவரிலேயே மாற்றுங்கள்.

இவற்றைச் செய்தபின் ரிசீவரின் திரையில் "டால்பி அட்மாஸ்" என்ற சொல் வர வேண்டும். நானே தொடக்கத்தில் பல மாதங்கள் 7.1 பிசிஎம்மைக் கேட்டுக்கொண்டு, கூரை ஸ்பீக்கர்களின் கம்பியில்தான் பிழை என்று எண்ணி அவற்றைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சிறிய திரையை ஒருமுறை பார்த்திருந்தால் அன்றே விளங்கியிருக்கும். புதிய கோப்பு எதுவாயினும் முதலில் அந்தத் திரையைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: வணக்கம். பிளேயரை டிவியில் இணைத்து, டிவியிலிருந்து ஆப்டிகல் கம்பியில் ரிசீவருக்குக் கொடுத்திருக்கிறேன். இதே முறையில் அட்மாஸ் கேட்க முடியுமா?

ஆப்டிகல் கம்பியில் முடியாது. இரண்டு சேனல் பிசிஎம், அல்லது பழைய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் ஆகியவற்றின் 5.1 வரைதான் அதில் செல்லும். டிவியின் எச்டிஎம்ஐ ஏஆர்சி வழி (டிவியிலிருந்து ஒலியை ரிசீவருக்கு அனுப்பும் வசதி) டால்பி டிஜிட்டல் பிளஸ் வரை தாங்கும், அதாவது ஸ்ட்ரீமிங் சேவைகளின் அட்மாஸ் போகும், ட்ரூஎச்டி போகாது. அதன் புதிய வடிவமான இஏஆர்சி இருந்தால் இரண்டும் போகும். எனினும் பல டிவிகள் இடையில் புகுந்து ஒலியை மாற்றிவிடுகின்றன. பிளேயரை நேராக ரிசீவரில் செருகி, ரிசீவரிலிருந்து படத்தை மட்டும் டிவிக்கு அனுப்புவதே சிறந்த முறை.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: 5.1 ஃபிளாக் (தரம் இழக்காமல் சுருக்கிய வடிவம்) கோப்புகளைப் பென்டிரைவில் போட்டு ரிசீவரின் யூஎஸ்பி துளையில் செருகினேன். சில கோப்புகள் ஓடவில்லை, சில இரண்டு ஸ்பீக்கரில் மட்டும் ஒலிக்கின்றன. கோப்பில் பழுதா?

கோப்பு நன்றாகவே இருக்கிறது. ரிசீவர்களின் யூஎஸ்பி வாயிலும் நெட்வொர்க் வாயிலும் பெரும்பாலும் ஸ்டீரியோ கோப்புகளுக்காக மட்டுமே அமைக்கப்பட்டவை. விலை உயர்ந்த ரிசீவர்களிலும் இதே நிலைதான், விளம்பரத் தாளில் இதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம். பல சேனல் ஒலி ரிசீவருக்குள் நுழையும் வாயில் எச்டிஎம்ஐ. ஒரு சிறிய கணினியோ கோடி ஓடும் ஆண்ட்ராய்டு பெட்டியோ போதும். ஃபிளாக் கோப்பில் மறைந்த அடுக்கு ஏதும் இல்லாததால் (ஆரோ இதற்கு விதிவிலக்கு, கீழே பாருங்கள்) கணினியே அதைப் பிரித்து 5.1 பிசிஎம்மாக அனுப்பலாம். கணினியின் ஒலி அமைப்பில் ஸ்பீக்கர் எண்ணிக்கையை 5.1 அல்லது 7.1 என்று மாற்ற மறக்காதீர்கள். ஸ்டீரியோ என்று இருந்தால் ஆறு தடங்களும் இரண்டாகக் கலந்துவிடும்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: ஆப்பிள் மியூசிக்கில் அட்மாஸ் பாடல்கள் கிடைக்கும்போது கோப்புகளை விலை கொடுத்து வாங்குவதில் பயன் உண்டா? இன்னொன்று, அட்மாஸ் பாடல் எப்போதும் ஸ்டீரியோவை விடத் தாழ்வாக ஒலிப்பது ஏன்?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதுதான் ஒப்பீட்டையே கெடுக்கிறது. அட்மாஸ் இசைக்கு டால்பி வகுத்த ஒலியளவு வரம்பு −18 எல்யூஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு). இன்றைய ஸ்டீரியோ பாடல்கள் பல −10ஐயும் தாண்டி உரக்கப் பதிவாகின்றன. அந்த 8 டெசிபெல் வித்தியாசத்தோடு மாற்றி மாற்றிக் கேட்டால் காது உரத்ததையே நல்லது என்று தேர்ந்தெடுக்கும். அட்மாஸுக்கு ஒலியைக் கூட்டி, இரண்டையும் சமமாக்கிய பிறகே முடிவு செய்யுங்கள். அந்தத் தாழ்வு வரம்பினால்தான் மிருதங்கத்தின் தட்டும் வயலினின் மெல்லிய இழுப்பும் நசுங்காமல் வருகின்றன.

இனி முதல் கேள்வி. 2021 ஜூனில் ஆப்பிள் தொடங்கிய அட்மாஸ் சேவை டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில், நொடிக்கு 768 கிலோபிட் அளவில் வருகிறது. ஒரு மணி நேர இசை ஏறத்தாழ 346 மெகாபைட். இழப்பில்லாத 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் 5.1 ஒலி சுருக்குவதற்கு முன் அதே ஒரு மணி நேரத்துக்கு 3.1 கிகாபைட் பிடிக்கும். வித்தியாசம் உண்மையில் இருக்கிறது, பெரிய கோயில்களிலும் தேவாலயங்களிலும் பதிவான இசையில் ஒலி அடங்கும் வால் பகுதியில் அது கேட்கும். ஆனால் ஒலிக்கலவை நன்றாக இல்லாத பாடலை இழப்பில்லாத வடிவம் காப்பாற்றாது. முதலில் ஸ்ட்ரீமிங்கில் கேளுங்கள், மீண்டும் மீண்டும் கேட்கத் தோன்றும் ஆல்பத்தை மட்டும் வாங்குங்கள். மேற்கத்திய செவ்வியல் இசையில் விருப்பம் இருந்தால் நார்வேயின் 2எல் நிறுவனத்தின் பதிவுகளிலிருந்து தொடங்குமாறு பரிந்துரைக்கிறேன். கேட்பவரைச் சுற்றி இசைக்கலைஞர்கள் அமரும்படி பதிவு செய்வது அவர்களது முறை. அவர்களது ஆல்பம் ஒன்று 2020இல் சூழொலிக்கான கிராமி விருதைப் பெற்றது.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: ஆரோ 3டி என்று குறிப்பிட்ட ஒரு கோப்பு எனக்குச் சாதாரண 5.1 ஃபிளாக் ஆகவே தெரிகிறது. உயரத்தின் ஒலி எங்கே இருக்கிறது?

அந்த 5.1 தடங்களுக்குள்ளேயே இருக்கிறது. பெல்ஜியத்தின் மோல் ஊரிலுள்ள கேலக்ஸி ஸ்டூடியோவில் பிறந்த இந்த முறை, 24 பிட் ஒலியின் மிகக் கடைசிப் பிட்டுகளில் மேலடுக்கின் தகவலை ஒளித்து வைக்கிறது. ஆரோ தெரியாத கருவி அதை வெறும் 5.1 ஆக ஒலிக்கிறது, தெரிந்த ரிசீவர் ஒளிந்திருப்பதை எடுத்து மேல் ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கிறது. இந்த எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் அதே எளிமையில்தான் ஆபத்தும் இருக்கிறது. கணினியில் ஒலியை ஒரு படி குறைத்தாலும், பாடல்களின் ஒலியளவைச் சமமாக்கும் ரீப்ளேகெயின் இயங்கினாலும், 96 கிலோஹெர்ட்ஸை 48 ஆக மாற்றினாலும் கடைசிப் பிட்டுகள் மாறிவிடும், மேலடுக்கு காணாமற்போகும். மென்பொருளின் ஒலியளவை நூறு விழுக்காட்டில் வைத்து, வசாபியின் எக்ஸ்க்ளூசிவ் முறையில் (வேறு ஒலி எதுவும் இடையில் கலக்காதபடி) அனுப்புங்கள்.

சென்னையிலிருந்து ஒருவர்: 7.1.4 என்று ஒரு வேவ் கோப்பு என்னிடம் இருக்கிறது, 12 சேனல். ரிசீவரில் கேட்க வழி உண்டா?

வீட்டு ரிசீவர்கள் எச்டிஎம்ஐ வழியாக 8 சேனல் பிசிஎம் வரைதான் வாங்கும். ஃபிளாக் வடிவமும் 8 சேனலோடு நின்றுவிடுகிறது. 12 சேனல் யூஎஸ்பி ஒலிக்கருவியும் தனித்தனி ஆம்ப்ளிஃபையர்களும் இருந்தாலன்றி, அதே ஆல்பத்தின் ட்ரூஎச்டி கோப்பை வாங்கிக்கொள்வதே நல்லது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்: என் அறை 12க்கு 14 அடி, கான்கிரீட் கூரை, உயரம் 10 அடி, நடுவில் மின்விசிறி. கூரை ஸ்பீக்கர்களை எங்கே பொருத்துவது? மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர்கள் போதுமா?

அமர்ந்திருக்கும்போது காது தரையிலிருந்து ஏறத்தாழ 3 அடி உயரத்தில் இருக்கும், கூரைக்கும் காதுக்கும் இடையே 7 அடி. அட்மாஸுக்கு ஏற்ற கோணம் 45 பாகை. எனவே இருக்கைக்கு 7 அடி முன்னால் இரண்டும் 7 அடி பின்னால் இரண்டும் இருந்தால் மிகச் சரி. 55 பாகை வரை ஏற்கத்தக்கது என்பதால் 5 அடி வரை நெருங்கலாம். இருக்கையை முன்சுவரிலிருந்து 8 அடியில் வைத்தால் பின்னால் 6 அடி கிடைக்கும். முன்னிரண்டை 6 அடியிலும் பின்னிரண்டை 5 அடியிலும் பொருத்துங்கள். ஆரோ இசையே அதிகம் கேட்பீர்களானால் கணக்கு மாறும், அதற்கு ஸ்பீக்கர்கள் கீழ் ஸ்பீக்கர்களுக்கு நேர் மேலே, 30 பாகை அளவில் சுவரில் அமைய வேண்டும்.

மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர்களுக்கு உங்கள் சமதளக் கான்கிரீட் கூரை நல்ல எதிரொலிப்பான், ஓட்டுக்கூரை வீட்டில் இது நடக்காது. ஆனால் அந்த ஒலி கூரையில் பட்டுத் திரும்பும் இடம் ஸ்பீக்கருக்கும் இருக்கைக்கும் ஏறத்தாழ நடுவில் அமையும். அங்கே மின்விசிறி சுற்றினால் ஒலி சிதறும். நேரடிக் கூரை ஸ்பீக்கருக்கு அந்தத் தொல்லை இல்லை, எனினும் விசிறியின் இரைச்சல் மெல்லிய பகுதிகளை மூடிவிடும். கேட்கும் நேரத்தில் அதை அணைத்துவிடுவது, நீங்கள் எண்ணுவதை விடப் பெரிய முன்னேற்றம்.

மலேசியாவிலிருந்து ஒருவர்: அட்மாஸ் ஆல்பத்தைப் பாடல் பாடலாக வெட்டி வைத்தேன். ஒவ்வொரு பாடலின் தொடக்கமும் ஒரு நொடி விழுங்கப்படுகிறது.

பிட்ஸ்ட்ரீம் நின்று மறுபடி தொடங்கும்போதெல்லாம் ரிசீவர் அதை அடையாளம் காண நேரம் எடுத்துக்கொள்கிறது. வெட்டாமல், ஆல்பம் முழுவதையும் அத்தியாயக் குறிகளோடு ஒரே எம்கேவி கோப்பாக வைத்திருங்கள். பாடல் தாவுவதற்கு அந்தக் குறிகளே போதும்.

புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) 5.1 கோப்புகளைக் கணினியிலிருந்து ரிசீவருக்கு எப்படி அனுப்புவது?

24 பிட், 88.2 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம்மாக மாற்றி அனுப்புங்கள். எஸ்ஏசிடியின் 2.8224 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் அது சரியாக 32இல் ஒரு பங்கு என்பதால் கணக்கு சுத்தமாக வரும். 96 தேவையில்லை.

தஞ்சாவூரிலிருந்து ஒரு பெரியவர்: தம்பி, 1960களின் திரைப்பாடல்கள்தான் எனக்கு உயிர். அவற்றை இந்த அமைப்பில் சுற்றி ஒலிக்கச் செய்ய இயலுமா?

ஐயா, அக்காலப் பாடல்கள் பெரும்பாலும் மோனோவில் பதிவானவை. குறைந்த தடங்களை எல்லா ஸ்பீக்கருக்கும் பரப்பும் டால்பி சரவுண்ட் முறையை இயக்கினால் ரிசீவர் மோனோ ஒலியை நடு ஸ்பீக்கருக்கே அனுப்பும், மற்றவை ஏறக்குறைய மௌனமாக இருக்கும். அது பிழையன்று, பதிவில் ஒரே தடம் இருப்பதை அது சரியாகவே கண்டுகொள்கிறது. எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியைக் கொட்டும் முறைகளும் ரிசீவரில் உண்டு, ஆனால் அவற்றில் பாடகரின் குரல் இடம் தெரியாமல் கலைந்துபோகிறது. உங்கள் நடு ஸ்பீக்கர் நல்லதானால் அதிலேயே கேளுங்கள். அது சிறியதாக இருந்தால் ரிசீவரை ஸ்டீரியோவில் வைத்து, முன்னால் உள்ள இரண்டு பெரிய ஸ்பீக்கர்களுக்கு நடுவே அமர்ந்து கேளுங்கள். குரல் உங்களுக்கு நேர் எதிரே நிற்கும்.