வெள்ளாறு – கொள்ளிடம் கழிமுகம்: ஆய்வும் பாதுகாப்புத் திட்டமும் (கேள்வி பதில்)

பரங்கிப்பேட்டைக்கும் பழையாறுக்கும் இடைப்பட்ட கழிமுகம், அதன் நடுவே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடு பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: வணக்கம் சார். முதுகலை ஆய்வுக்காக வெள்ளாற்றில் மாதம் ஒருமுறை தண்ணீர் எடுக்கிறேன். உப்புத்தன்மை ஏறுக்குமாறாக வருகிறது. இன்னும் எத்தனை இடம் சேர்க்கணும்?

இடத்தைக் கூட்டாதீங்க, ஓதத்தை (கடல்நீர் ஏறி வற்றுவதை) பிடியுங்க. ஒரு மாதம் ஏற்றத்திலும் அடுத்த மாதம் வற்றத்திலும் எடுத்திருந்தால், நீங்கள் ஒப்பிடுவது மாதங்களை அல்ல, ஓதங்களை. முகத்துவாரம், நடு ஆறு, காட்டுக்குள் ஒரு வாய்க்கால், மேலே நன்னீர்ப் பக்கம் என நான்கு இடம் போதும். எல்லா மாதமும் ஒரே ஓத நிலையில் எடுங்கள். அமாவாசை ஓதமா (பெரிய ஏற்ற இறக்கம்), அஷ்டமி ஓதமா (சிறியது) என்பதையும் குறித்து வையுங்கள். மழைக்காலத்தில் நன்னீர் மேலே மிதக்கும், கடல்நீர் அடியில் நுழையும். அதனால் மேல்நீர் ஒன்று, தரைக்கு ஓர் அடி மேலே ஒன்று என இரண்டு மாதிரி வேண்டும். பருவங்களை இங்கே ஜனவரி–மார்ச், ஏப்ரல்–ஜூன், ஜூலை–செப்டம்பர், அக்டோபர்–டிசம்பர் என்று பிரிப்பது வழக்கம். தென்மேற்குப் பருவத்தை வைத்துப் பிரித்த பாடப்புத்தகக் கணக்கு இந்தக் கரைக்குப் பொருந்தாது.

கேள்வி: விங்க்ளர் முறையில் (வேதிப்பொருள் சேர்த்து அளப்பது) கரைந்த ஆக்சிஜன் நம்ப முடியாத அளவு கூடுதலாக வருகிறதே?

பெரும்பாலும் காற்றுக்குமிழிதான். வாளியில் மொண்டு பாட்டிலில் ஊற்றாதீங்க. ரப்பர் குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு, நிரம்பி வழிய விடுங்கள். 300 மி.லி. பாட்டிலுக்கு மாங்கனீசு சல்பேட் 2 மி.லி., கார அயோடைடு 2 மி.லி.; பிப்பெட் நுனி நீருக்குள் இருக்கணும். மூடியபின் பாட்டிலைக் கவிழ்த்துக் குமிழி இருக்கிறதா பாருங்கள். வீழ்படிவு பழுப்பாகாமல் வெள்ளையாகவே இருந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை என்று பொருள். அழுகல் நாற்றம் வரும் காட்டு வாய்க்கால்களில் சல்பைடு குறுக்கிட்டு அளவைக் குறைத்துக் காட்டும். அங்கே ஆக்சிஜன் மீட்டர் வைத்தும் சரிபாருங்கள்.

கேள்வி: எங்கள் குழு பிச்சாவரம் பக்கம் வெற்றுத்திட்டில் சுரபுன்னை என்ற அலையாத்தி வகையை நட்டது. கோடையில் அத்தனையும் கருகிவிட்டது. அடுத்து இன்னொரு அலையாத்தி வகையான வெண்கண்டல் நடலாமா?

நடுவதை நிறுத்திவிட்டு, முதலில் அந்த இடம் ஏன் வெறுமையானது என்று பாருங்கள். பழைய காலத்தில் கூப்பு கூப்பாக (வெட்டுவதற்குப் பிரித்த பகுதி பகுதியாக) காட்டை மொட்டையாக வெட்டினார்கள். நிழல் போனதும் மண் வெயிலில் காய்ந்து தணிந்து பள்ளமானது. ஏறிய ஓதநீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு மண்ணிலேயே தங்கிவிடுகிறது. எந்தக் கன்றை வைத்தாலும் இதே கதிதான்.

வற்றத்தில் ஒன்றரை அடிக் குழி தோண்டி, ஊறும் நீரின் உப்பை அளந்து, பக்கத்து வாய்க்கால் நீரோடு ஒப்பிடுங்கள். குழிநீர் மிகக் கூடுதலாக இருந்தால் வாய்க்கால் வெட்டணும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் இங்கே செய்தது மீன்முள் அமைப்பு: இயற்கை ஓடையோடு சேரும் முதன்மை வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளைகள். மேலே அகலம், அடியில் குறுகல்; செங்குத்தாக வெட்டினால் கரை சரியும். தோண்டிய மண்ணைத் தொடர் வரப்பாகக் குவித்தால் நீங்களே மறுபடி தண்ணீரை அடைத்துவிடுவீர்கள், பரப்பிவிடுங்கள்.

உப்பு இறங்கியபின் வாய்க்கால் சரிவின் நடுவில் வெண்கண்டல் நடலாம். மிக மேலே வைத்தால் காயும், மிகக் கீழே வைத்தால் மூழ்கிச் சாகும். சுரபுன்னை ஓடையோரச் சேற்றுக்கு. நட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத திட்டங்கள் தோற்பதற்கு முக்கியக் காரணம் வண்டல்: வாய்க்கால் தூர்ந்தால் பழைய கதைதான். தூர்வாரும் செலவைத் திட்டத்திலேயே எழுதுங்கள்.

(தில்லை மரம் நிற்கும் இடத்தில் கிளை வெட்டும்போது கண்ணாடி அணியுங்கள். அதன் பால் கண்ணைக் கெடுக்கும்.)

கேள்வி: ஆற்றுக்குள் எதுவரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம் (கட்டுமானங்களுக்குச் சட்டக் கட்டுப்பாடு உள்ள பகுதி)?

ஆண்டின் மிக வறண்ட காலத்தில் உப்பு ஆயிரத்துக்கு 5 பங்கு இருக்கும் இடம்வரை. அந்த எல்லைக்கு ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி விலகலை வைத்து உப்பை அளக்கும் கருவி) போதாது, ஒரு பங்கு பிசகினால் கோடு எங்கேயோ போய்விடும். மின்கடத்துதிறன் மீட்டர் வையுங்கள். 2019 அறிவிப்பின்படி கரையோர அகலம் 50 மீட்டர் அல்லது ஓடையின் அகலம், எது குறைவோ அது. அலையாத்தி நிற்கும் இடம் எப்படியும் உச்சப் பாதுகாப்பு வகையில் வரும். காடு 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் 50 மீட்டர் இடைவெளியும் உண்டு. 2022-இல் பிச்சாவரம் ராம்சார் தலமானது (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாகப் பட்டியலிடப்பட்டது) இதற்கு மேல் ஓர் அங்கீகாரம். ஆனால் வழக்கு என்று வந்தால் கைகொடுப்பது உங்கள் வரைபடம்தான்.

கேள்வி: காடு சுனாமியைத் தடுத்தது என்று திட்ட அறிக்கையில் எழுதலாமா?

பார்த்து எழுதுங்க. இங்குள்ள 18 குப்பங்களை வைத்து 2005-இல் வந்த ஆய்வு, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் இழப்பு குறைவு என்றது. 2006-இல் அதே தரவை மறுபடி ஆராய்ந்தவர்கள், ஊரின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமுமே பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்றார்கள். காட்டை நம்பித் தாழ்நிலத்தில் வீடு கட்ட அனுமதிக்கும் வரி எதுவும் அறிக்கையில் வரக்கூடாது.

கேள்வி: முகத்துவாரம் மணலடித்து மூடினால் உடனே வெட்டிவிடலாமா? வலைக்காரர்கள் கேட்கிறார்கள்.

மேலிருந்து ஆற்றுநீர் வரும் நேரத்தில் வெட்டினால் ஆறே வழியை அகலப்படுத்திக்கொள்ளும். கோடையில் வெட்டினால் கரையோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் சீக்கிரமே அடைத்துவிடும். மடவை, இறால் குஞ்சுகள் எந்த மாதம் உள்ளே ஏறுகின்றன என்பதை அந்த வலைக்காரர்களிடமும், காட்டுக்குள் கையால் இறால் பிடிக்கும் இருளர்களிடமும் கேட்டு, நாட்காட்டி போட்டுவிட்டு வெட்டுங்கள்.