பட்டறைக்குள் தண்ணீர் வந்தால்: கேட்டதும் சொன்னதும்

ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருந்தேன். 2015 டிசம்பரில் அடையாறு உள்ளே வந்து இடுப்பளவு நின்றது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சார், எங்களிடம் ஆறே பேர். பேரிடர்த் திட்டம் எல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே?

அந்த டிசம்பர் 2 அன்று தி இந்து ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகைக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவையாம். மறைமலைநகர் அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச்சேர வழியில்லை, அவ்வளவுதான். அவர்கள் மறுநாள் எழுந்துவிட்டார்கள், தாங்கும் பலம் இருந்தது. எனக்கு மெஷின் ஓட மூன்று வாரம் ஆனது. அதற்குள் என் பெரிய வாடிக்கையாளர் வேறு பட்டறைக்கு டிராயிங்கைக் கொடுத்துவிட்டார். மெஷினைச் சரிசெய்தேன், ஆர்டர் திரும்பவில்லை. அவசரத்துக்கு ஜாப் செய்து கொடுக்க வேறு ஊர்ப் பட்டறை ஒன்றோடு முன்பே பேசி வைத்திருந்தால் பிழைத்திருக்கும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே அண்ணே, போதாதா?

பாலிசியை எடுத்துத் தொகையைப் பாருங்கள். 40 லட்சம் பெறுமான சொத்துக்கு, பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 20 லட்சம் என்று எழுதியிருப்போம். 10 லட்சம் நஷ்டமானால் முழுசாகக் கிடைக்கும் என்று நினைப்பு. பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு என்பதால் நஷ்டத்திலும் பாதி, அதாவது சுமார் 5 லட்சம்தான் வரும். நான் கற்றுக்கொண்டது இப்படித்தான். 2021 ஏப்ரலில் சிறு தொழில்களுக்கென வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில், காப்பீட்டுத் தொகை சொத்து மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் இப்படிக் கழிக்காமல் விட்டுவிடுகிறார்கள், அதற்கு மேல் குறைந்தால் அந்தச் சலுகை கிடையாது. பட்டறை மூடிக் கிடக்கும் நாட்களின் லாப இழப்புக்குத் தனி பாலிசி வேண்டும்.

டேலி கணக்கை தினமும் பென் டிரைவில் ஏற்றிவிடுகிறேன்.

அந்தப் பென் டிரைவ் எங்கே? அதே மேஜை டிராயரில்தானே! 2017-இல் நாட்பெட்யா வைரஸ் மெர்ஸ்க் கப்பல் கம்பெனியின் கணினிகளைச் சுருட்டியபோது, வலையமைப்பின் ஆணிவேரான சர்வர்களில் ஒரே ஒரு பிரதிதான் தப்பியது. கானாவில், கரண்ட் போயிருந்த புண்ணியத்தில்! உங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வேண்டாம். ஒரு பிரதி வீட்டில், ஒன்று ஆன்லைனில்.

அம்பத்தூரில் 2023 மிக்ஜாம் புயலில் மாட்டினோம். தண்ணீர் வடிந்ததும் முதல் வேலை என்ன?

சுவிட்சைத் தொடாதீர்கள். எங்கள் பையன் ஆர்வத்தில் போட்டுப் பார்த்து, காய்ந்தால் பிழைத்திருக்கும் மோட்டார் ஒன்று எரிந்தது. எலெக்ட்ரீஷியன் மெக்கர் (மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) வைத்துச் சோதிக்கட்டும். அதற்குள் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டோடு போட்டோ எடுங்கள், காப்பீட்டுக்காரருக்குத் தகவல் சொல்லுங்கள். நஷ்டத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் வந்து பார்க்கும் வரை கெட்ட சரக்கைக் குப்பையில் போடக்கூடாது.

இதற்கெல்லாம் ஒத்திகை எப்போது பார்ப்பது?

ஐப்பசி பிறக்கும் முன். பேக்கப்பை வேறு கணினியில் திறந்து பாருங்கள். என்னுடையது முதல் தடவை திறக்கவில்லை.