‘ஆண்டவரே, இவன் காரியம் என்ன?’

மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தைக் கிறிஸ்தவ விசுவாசத்தால் விட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுதாக விட்டவன் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். முன்பு நாள் முழுவதையும் தின்ற நினைப்பு இப்போது அரை மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

நான் இராயபுரத்துக்காரன். துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறு பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பன் பழைய மாமல்லபுரம் சாலையில் மூன்று படுக்கையறை வீடு வாங்கினான். அதை அவன் அறிவித்தது ஆலயத்தில், கடவுள் தனக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று சபைக்குச் சொல்லும் ‘சாட்சி’ நேரத்தில். சபையார் ‘ஸ்தோத்திரம்’ என்றார்கள், நானும் சொன்னேன். மனமோ சதுர அடியை விலையால் பெருக்கிக்கொண்டிருந்தது. (சாட்சி நேரத்தைப்போல ஒப்பிடத் தூண்டும் இடம் வேறில்லை. கடனில் மூழ்கியவன் அங்கே எழுந்து நிற்பதே இல்லையே!) வீட்டுப் பிரதிஷ்டைக்குப் போகாமல், காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

என்னைப் பிடித்து உலுக்கியது வேதாகமத்தில் யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரம். எங்கள் பேட்டையின் பெயரே இராயப்பரிடமிருந்து, அதாவது இயேசுவின் சீடனான பேதுருவிடமிருந்து, வந்தது என்பார்கள். அந்தப் பேதுருவின் கதைதான் இது. இரவெல்லாம் ஒன்றும் கிடைக்காமல், விடியற்காலையில் வலையில் 153 பெரிய மீன்கள். காசிமேட்டு ஏலத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அப்படிப்பட்ட மீன்பாட்டின் அருமை தெரியும். கரையில் இயேசுவே மீன் சுட்டு வைத்திருக்கிறார். முன்பு தன்னைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தவனிடம் மூன்று முறை ‘என்னை நேசிக்கிறாயா’ என்று கேட்டு, ஆடுகளை மேய்க்கும் பொறுப்பையும் தருகிறார். அவன் எப்படிச் சாவான் என்பதையும் சொல்லிவிடுகிறார். இத்தனைக்கும் பிறகு பேதுரு திரும்பி, கூட வந்த சீடன் யோவானைப் பார்த்துவிட்டு, இயேசுவிடம் “ஆண்டவரே, இவன் காரியம் என்ன?” என்கிறான்!

வலை நிறைந்த பிறகும் பக்கத்து ஆளைத்தான் பார்க்கிறான். எனக்கும் ஒரு வீடு அமைந்தால் இது தீர்ந்துவிடும் என்று நான் சொல்லிவந்த சாக்கு அங்கேயே உடைந்தது.

இயேசுவின் பதிலில் தடவிக்கொடுப்பது எதுவும் இல்லை. ‘உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா.’ வட சென்னைக்காரனுக்கு இந்த மாதிரிப் பேச்சுதான் ஏறும்.

அன்றிலிருந்து இரவு ஜெபத்தில் நண்பனின் பெயரைச் சொல்லி, அவன் வீட்டை ஆசீர்வதிக்கும்படி கேட்க ஆரம்பித்தேன். முதல் சில வாரங்கள் நாக்கு மட்டும்தான் ஜெபித்தது. கூடவே ஒரு கணக்கு: இன்று எனக்கென்று கொடுக்கப்பட்ட வேலை என்ன, செய்தேனா? அம்மாவுக்கு இன்சுலின், மகனுக்குப் பின்னக் கணக்கு. இந்தப் பட்டியலில் நண்பனின் சதுர அடிக்கு இடமில்லை.

வேதாகமத்தில் யோவானுக்கு அடுத்து வரும் அப்போஸ்தலர் நடபடிகளின் 3ஆம் அதிகாரம் தொடங்கும்போது, பேதுருவும் அதே யோவானும் ஜெபவேளைக்குச் சேர்ந்தே தேவாலயத்துக்குப் போகிறார்கள். அதைப் படித்த வாரம் காசிமேட்டில் இரண்டு கிலோ வஞ்சிரம் வாங்கிக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போனேன்.

“அன்றைக்குக் காய்ச்சல் இல்லை, பொறாமை” என்றேன்.

“தெரியும். வா, வீட்டைப் பார்” என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.

மூன்றாவது படுக்கையறையில் கொஞ்சம் வலித்தது.