ஒரேயோர் இடம் மாறியதால் அவ்வளவு பரவலா?

கேள்வி: 2006ஆம் ஆண்டு எங்கள் வீட்டில் அனைவருமே சிக்குன்குனியாவில் படுத்துவிட்டோம், அம்மாவுக்கு மணிக்கட்டு வலி மாதக்கணக்கில் நீடித்தது. வைரசின் புரதத்தில் ஓர் இடம் மாறியதால்தான் நோய் அவ்வளவு வேகமாகப் பரவியது என்று படித்தேன். ஒரேயொரு மாற்றத்தால் அது நடக்குமா? (வாசகி, ரோஸ்ஹில், மொரீசியஸ்)

பதில்: நடக்கும், ஆனால் அந்த மாற்றத்துக்கு ஒரு துணை தேவைப்பட்டது. சிக்குன்குனியா வைரசின் மேலுறையில் இ1, இ2 என்னும் இரு புரதங்கள் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன; இத்தகைய இணைகள் மூன்று சேர்ந்தால் ஒரு முள், வைரஸ் ஒன்றின் மேல் இவ்வாறு 80 முட்கள். செல்லைப் பற்றிக்கொள்வது இ2வின் பொறுப்பு. வைரஸ் உள்ளே இழுக்கப்பட்டு, அதைச் சூழ்ந்த சிற்றறையில் அமிலத்தன்மை கூடும்போது இணை பிரிகிறது. அதுவரை இ2வின் மறைவில் இருந்த இ1இன் நுனி வெளிப்பட்டு, செல்லின் சவ்வில் பாய்ந்து, அதனை வைரசின் சவ்வோடு ஒன்றாக்கிவிடுகிறது. இந்த வழியாகத்தான் மரபுப்பொருள் செல்லுக்குள் இறங்குகிறது. முன்கூட்டியே பிரிந்துவிட்டால் எல்லாம் வீண் என்பதால், வைரஸ் உருவாகும் வேளையில் இ3 என்னும் சிறு புரதம் இணையைப் பிணைத்துக் காக்கிறது. பிறகு அந்த இ3ஐ வெட்டிவிடுவது ஃபியூரின் என்னும் நம் செல்லின் நொதி. இவ்வேலைக்கு வைரஸ் நம் கத்தரிக்கோலையே இரவல் வாங்குகிறது.

நீங்கள் படித்த மாற்றம் இ1இன் 226ஆவது இடத்தில் நேர்ந்தது: அலனின் என்னும் அமினோ அமிலம் போய் வேலின் வந்தது. பக்கத்துத் தீவான ரீயூனியனில் 2005இன் முற்பகுதியில் எடுத்த மாதிரிகளில் அலனினே இருந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் வேலின் மேலோங்கியது. அங்கு மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரை நோய் பிடித்தது. இரு தீவுகளிலும் மலிந்துள்ள புலிக்கொசுவான ஏடிஸ் அல்போபிக்டசின் குடலில், வேலின் கொண்ட வைரஸ் மிகக் குறைந்த அளவு புகுந்தாலே தொற்றிக்கொள்கிறது. அம்மாவின் மணிக்கட்டு வலிக்கு இதனைக் காரணமாகச் சொல்ல முடியாது. மூட்டுவலி இம்மாற்றத்துக்கு முன்பும் இந்நோயின் அடையாளம்தான்.

துணை என்றேனே, அது இ2வில் இருக்கிறது. அதன் 211ஆவது இடத்தில் திரியோனின் இருந்தால்தான் இ1இன் வேலின் புலிக்கொசுவிடம் முழுப் பலனைத் தருகிறது என்றும், அங்கே ஐசோலூசின் இருந்தால் அப்பலன் பெரிதும் குன்றுகிறது என்றும் பின்னர் ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரியவந்தது. நம் கடற்பகுதிக்கு வந்துசேர்ந்த வைரசிடம் அந்தத் திரியோனின் ஏற்கெனவே இருந்தது.