மின்சார சைக்கிளின் ஹேண்டிலில் எதற்கு முதலிடம்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கூடலூரில் குடியிருந்துகொண்டு குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். மிதித்தால் மோட்டார் துணை செய்யும் மின்சார சைக்கிள் வாங்கி மூன்று மாதமாகிறது. விடியற்காலையில் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றி வரும் ஜீப்புகள் பின்னாலிருந்து நெருங்கும்போது நெஞ்சு பதறுகிறது. பக்கக் கண்ணாடி, பெரிய விளக்கு, ஹாரன், செல்போன் தாங்கி, முன்பக்கப் பை எல்லாவற்றையும் ஹேண்டிலில் மாட்டிவிடலாம் என்றிருக்கிறேன். எதை முதலில் வாங்குவது? எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் போவதால் ஏதாவது சட்டச் சிக்கல் வருமா?
– வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: ஐயா, கடைக்குப் போகுமுன் உங்கள் ஹேண்டிலில் எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். நேரான ஹேண்டில் பெரும்பாலும் 60 முதல் 70 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதில் இரு கைப்பிடி உறைகளும் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் வீதம் எடுத்துக்கொள்ளும். அவற்றுக்கு உள்பக்கமாகப் பிரேக் லிவர்கள், கியர் மாற்றும் பிடி, மோட்டாரின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டில், வேகம் காட்டும் திரை, அதன் பொத்தான்கள் ஆகியவை கம்பெனியிலிருந்து வரும்போதே அமர்ந்திருக்கும். இவையெல்லாம் போக நடுத்தண்டின் இருபுறமும் நான்கைந்து விரல் அகலம் மிஞ்சினால் பெரிது. நீங்கள் எழுதியிருக்கும் ஐந்து பொருள்களும் அந்த இடத்துக்குள் அடங்கா. அடக்கினாலும், மணியைத் தேடும் கட்டைவிரல் விளக்கின் பொத்தானில் போய் முட்டும்.

எந்தப் பொருளையும் நான் இரண்டு கேள்விகளால்தான் எடைபோடுவேன். அதை இயக்கும்போது விரல்கள் பிரேக்கை விட்டு விலகுகின்றனவா? அதைப் பார்க்கும்போது கண் சாலையை விட்டு விலகுகிறதா? மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஒரு நொடிக்கு ஏறக்குறைய ஏழு மீட்டர் ஓடிவிடும். இரண்டு நொடி குனிந்து எதையாவது பார்த்தீர்களென்றால், பதினான்கு மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததாகத்தான் பொருள். மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து மேலே ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் பதினான்கு மீட்டருக்குள் சாலையே திசை மாறிவிடுகிறது.

உங்கள் சாலைக்கு முதலில் வாங்க வேண்டியது பக்கக் கண்ணாடி. நாம் இடதுபுறமாகச் செல்வதால் முந்தும் வண்டி வலதுபுறம்தான் வரும். ஆகவே வலப்பக்கம் ஒன்று போதும். மேடேறும்போது சைக்கிளின் வேகம் மிகவும் குறைந்துவிடுவதால், பின்னால் வரும் ஜீப்புக்கும் உங்களுக்கும் உள்ள வேக வித்தியாசம் சமவெளியில் இருப்பதைவிட அதிகம். அது நெருங்குவதை முன்கூட்டியே அறிந்தால் ஓரத்துச் சரளையில் திடீரென்று இறங்காமல் நிதானமாக ஒதுங்கலாம். குவிகண்ணாடியாக இருந்தால் பார்வைப் பரப்பு விரியும். ஆனால் அதில் தெரியும் வண்டி உண்மையில் இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதுபோலத் தோன்றும் என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு கண்ணாடியில் மலைச்சரிவுதான் தெரியும் என்பதால், வளைவுக்கு முன்பே ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.

கண்ணாடி மாட்டும் இடத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. ஹேண்டிலின் நுனித் துளைக்குள் செருகும் கண்ணாடி அழகாகவும் உறுதியாகவும் இருக்கும். ஆனால் உங்கள் வலக்கைப் பிடி முழுவதும் திருகும் த்ராட்டிலாக இருந்தால், அந்தக் கண்ணாடியின் அடிப்பகுதி அதன்மேல் உரசி, திருகிய பிடி தானாகத் திரும்பி வராமல் தடுத்துவிடக்கூடும். கையை எடுத்த பிறகும் மோட்டார் இழுத்துக்கொண்டே போவதைவிடப் பெரிய ஆபத்து மின்சார சைக்கிளில் வேறில்லை. அப்படிப்பட்ட பிடி உடையவர்கள் பிரேக் லிவருக்கு உள்பக்கம் கிளாம்ப் போட்டு, தண்டு நீட்டிய கண்ணாடியை மாட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது விளக்கு. இருட்டில் புறப்படுகிறவருக்குச் சாலை தெரிவது மட்டுமல்லாமல், எதிரே இறங்கி வரும் ஓட்டுநருக்கு நீங்கள் தெரிவதும் அதே அளவுக்கு வேண்டும். ஒளியின் அளவைச் சொல்லும் லூமென் கணக்கு பெரிதாக அச்சிட்ட விளக்கைவிட, மேல்விளிம்பில் ஒளியை வெட்டிக் கீழ்நோக்கி மட்டும் பரப்பும் விளக்கே உங்களுக்கு ஏற்றது. எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைத்தால் அவர் உங்களைத்தான் முதலில் இடிப்பார். ஒளியின் மையம் பத்து மீட்டர் முன்னால் தரையில் விழும்படி சாய்த்து இறுக்குங்கள். மூடுபனியில் மினுக்கும் முறையைத் தவிர்த்துவிடுங்கள். அணைந்து எரியும் புள்ளியை வைத்துத் தூரத்தைக் கணிக்க எதிரே வருபவரால் முடியாது. பின்னால் வரும் ஜீப்புக்கு வேண்டியது நிலையாக எரியும் சிவப்பு விளக்கு. அதற்கு இடம் ஹேண்டில் அன்று, இருக்கைக்குக் கீழ்.

ஹாரனைப் பற்றி உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். பின்னாலிருந்து வரும் ஜீப்பை உங்கள் ஹாரன் எதுவும் செய்யப்போவதில்லை. மணி என்பது முன்னால் நடந்துபோகிறவருக்காக. அதற்குச் சாதாரணப் பித்தளை மணியே போதுமானது. அது இடது கட்டைவிரலுக்கு நேராக, பிரேக்கிலிருந்து விரலை எடுக்காமலே அடிக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். திரையின் பொத்தான்கள் அந்த இடத்தைப் பிடித்திருந்தால் அவற்றை உள்ளே தள்ளிவிட்டு மணியைக் கொண்டுவாருங்கள்.

செல்போன் தாங்கியைக் கடைசியில்கூட வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நாள்தோறும் போகிற வழிக்கு வரைபடம் எதற்கு? நானும் ஒரு மலிவான தாங்கியை மாட்டி, மலைச்சாலையின் இறக்கமொன்றில் அது தளர்ந்து செல்போன் சாய்ந்தபோது, என்னையறியாமல் இடக்கையை எடுத்து அதைப் பிடித்தேன். அந்த நேரத்தில் பின்பிரேக்கை விட்டுவிட்டேன் என்பது வளைவைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. அன்று எதிரே வண்டி வரவில்லை. அதன் பிறகு செல்போன் என் தோள்பையில்தான் இருக்கிறது. செல்போன் கேமராவுக்கும் ஹேண்டில் தாங்கி நல்லதன்று: மோட்டார் சைக்கிள் அதிர்வுகள் ஐபோன் கேமராவைப் பழுதாக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனம் 2021இல் எச்சரித்தது, அதிர்வு குறைந்த சிறு மின்வண்டிகளுக்குக்கூட அதிர்வைத் தாங்கும் பிடிப்பு வேண்டும் என்றே அறிவுறுத்தியது.

சட்டத்தைப் பொறுத்தவரை, நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இரு மாநிலத்துக்கும் ஒன்றே. மோட்டார் முப்பது நிமிடம் தொடர்ந்து தரக்கூடிய திறன் 0.25 கிலோவாட்டுக்குள் இருந்து, மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டும்போதோ மிதிப்பதை நிறுத்தும்போதோ அதன் துணை நின்றுவிடுகிற மிதிவண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. அதற்குரிய நிபந்தனைகளில் தகுந்த பிரேக்குகளும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு எதிரொளிப்பான்களும் உண்டு. முன்பக்கப் பையை மாட்டினால் அந்த வெள்ளை எதிரொளிப்பான் மறைந்துபோகிறதா என்று பாருங்கள்; மறைந்தால் பையைப் பின் கேரியருக்கு மாற்றிவிடுங்கள். ஏற்றத்துக்கு முன் லோயர் கேம்ப்பில், பென்னிகுயிக் மணிமண்டபத்தருகே ஒரு நிமிடம் நின்று, மாட்டிய ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி வேலைக்குப் போகிறேன். மதியச் சாப்பாட்டுப் பையையும் காய்கறியையும் ஹேண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு போவது பழக்கம். ஆனி, ஆடிக் காற்றில் சைக்கிள் ஒரு பக்கமாக இழுக்கிறது. குடை செருகும் கிளாம்ப் ஒன்று பார்த்தேன். மழைக்கு அதை வாங்கலாமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: அம்மா, குடை கிளாம்ப்பை வாங்கவே வாங்காதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் கிழக்கே பாய்கிறது. கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கத்திலும் காற்றாலைகளை நட்டிருப்பது அதனால்தான். மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று, நீங்கள் கிழக்கே போனால் முதுகில் தள்ளும், வடக்கு தெற்காகப் போகும் சாலையிலோ விலாவில் அறையும். ஹேண்டிலோடு கட்டிய விரித்த குடை அப்போது பாய்மரமாகிவிடும், சைக்கிளின் திசையை நீங்கள் அல்ல, காற்றுதான் தீர்மானிக்கும்.

தொங்கும் பையும் அதே காற்றுக்கு உதவுகிறது. ஒருபுறம் மட்டும் இரண்டு கிலோ தொங்கினால், நேராகப் போவதற்கே மறுகை ஓயாமல் எதிர்விசை கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பை ஊசலாடிச் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கினால் முன்சக்கரம் சட்டென்று நின்றுவிடும். இவையன்றி, பையின் கைப்பிடி பிரேக் லிவரை ஓரளவு அழுத்திவிட்டாலும், அதிலுள்ள மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் இயங்கி, வண்டி பழுதாகிவிட்டதோ என்று நீங்கள் குழம்ப நேரும். சாப்பாடும் காய்கறியும் பின் கேரியரில் பெட்டி வைத்துப் போகட்டும். முன்னால் கூடை கட்டாயம் வேண்டுமென்றால், ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பாமல் சட்டகத்தோடு பொருந்தும் கூடையைக் கேட்டுப் பாருங்கள். அதன் சுமை ஹேண்டிலைத் திருப்பாது.

மழைக்கோட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹேண்டில்மீது விரியும் போர்வை போன்ற மழைக்கோட்டைப் போட்டால் முன்விளக்கு, மணி, திரை மூன்றும் அதற்குள் மறைந்துவிடும். மழையில்தான் விளக்கு அதிகம் வேண்டும். எனவே சட்டையும் கால்சட்டையுமாகத் தனித்தனியாக உள்ள மழையுடை வாங்குங்கள், அல்லது விளக்கை ஹேண்டிலிலிருந்து இறக்கி முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்கவையின் மேற்பகுதியில் பொருத்தச் சொல்லுங்கள். ஹேண்டிலில் மாட்டும் மின்பொருளின் உறையில் ஐபிஎக்ஸ்4 என்றிருந்தால் அது தெறிக்கும் நீரைத் தாங்கும். சார்ஜ் செய்யும் துளையின் ரப்பர் மூடி சரியாக மூடியிருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும்.

கேள்வி: பழைய சைக்கிளில் மோட்டார் கிட் பொருத்தி ஓட்டுகிறேன். அரை மணி நேரத்தில் சுண்டுவிரல் மரத்துப்போகிறது. கைப்பிடி உறைகளையும் பிரேக் லிவர்களையும் நானே மாற்றிவிட நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், புளியரை, தென்காசி மாவட்டம்

பதில்: மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் உணர்ச்சி தரும் நரம்பு உள்ளங்கையின் வெளியோரமாகச் செல்கிறது. உருண்டையான ஒல்லிப் பிடியில் உடலின் பாரம் அந்த ஓரத்திலேயே விழுவதால் விரல் மரத்துப்போகிறது. வெளிப்பக்கம் இறக்கைபோல் அகன்ற உறை அந்தப் பாரத்தைப் பரப்பும். சும்மா செருகும் உறையைவிட, சிறு போல்ட்டால் இறுகும் உறையைத் தேர்ந்தெடுங்கள். வியர்வையிலும் மழையிலும் அது சுழலாது. மரத்துப்போவது வண்டியை விட்டு இறங்கிய பிறகும் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிரேக் லிவரை மாற்றுவதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். கிட்டோடு வந்த லிவரிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று போவதைப் பார்த்திருப்பீர்கள். லிவரைத் தொட்டவுடன் மோட்டாரை நிறுத்தச் சொல்வது அந்த ஒயர்தான். அழகான சாதாரண லிவரை வாங்கிப் போட்டால் அந்தக் காப்பு போய்விடும். பிரேக் ஒருபுறம் பிடிக்க, மோட்டார் மறுபுறம் இழுக்கும். புதிய லிவரிலும் அந்த சுவிட்ச் இருக்க வேண்டும், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் பெட்டியான உங்கள் கன்ட்ரோலருக்கு அது பொருந்தவும் வேண்டும். இணைப்பிகளில் அம்புக்குறி இருந்தால் இரண்டையும் நேர்நேராக வைத்துச் செருகுங்கள். திருகிச் செருகினால் உள்ளேயுள்ள ஊசிகள் வளைந்துவிடும். முடித்த பிறகு மோட்டார் உள்ள சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுழலவிட்டு, இரண்டு லிவர்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்; இரண்டிலும் மோட்டார் அக்கணமே ஓய வேண்டும். பிறகு ஹேண்டிலை இருபுறமும் கடைசிவரை திருப்பி, எந்த ஒயரும் கேபிளும் இழுபடவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

லிவர் கைக்கு எட்டவில்லையென்றால் அதிலுள்ள சிறு திருகாணியைத் திருகி அருகே கொண்டுவரலாம். முன்கையும் மணிக்கட்டும் விரலும் ஒரே கோட்டில் இருக்கும்படி லிவர் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பது நல்லது.

கேள்வி: இணையத்தில் வாங்கிய விளக்கின் கிளாம்ப் என் ஹேண்டிலில் நிற்கவில்லை; வேறொரு விளக்கை பேட்டரியிலிருந்து நேரடியாக இணைத்தேன், எரிந்து போய்விட்டது. இரண்டிலும் நான் செய்த தவறு என்ன?
– வாசகர், பள்ளிப்பட்டு, திருவள்ளூர் மாவட்டம்

பதில்: ஹேண்டில் எல்லா இடத்திலும் ஒரே பருமனில் இருப்பதில்லை. கைப்பிடிப் பகுதி வழக்கமாக 22.2 மில்லிமீட்டர்; நடுப்பகுதி 25.4 அல்லது 31.8 மில்லிமீட்டர். விளக்கை மாட்டப்போகும் இடத்தில் ஒரு நூலைச் சுற்றி ஸ்கேலில் அளந்தால், முறையே ஏறக்குறைய 7, 8, 10 சென்டிமீட்டர் வரும். அந்த அளவைப் பார்த்து கிளாம்ப் வாங்குங்கள். சிறிதளவு தளர்வுதான் என்றால் பழைய சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி உள்ளே வைத்து இறுக்கினால் நிற்கும்.

இரண்டாவது, மின்னழுத்தம். 36 வோல்ட் என்று எழுதிய லித்தியம் பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது 42 வோல்ட் தரும். 48 வோல்ட் பேட்டரி 54.6 வோல்ட் தரும். 12 வோல்ட் விளக்கு அதைத் தாங்காது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் கன்வெர்ட்டரும் ஃபியூசும் இடையில் வேண்டும். கன்ட்ரோலரிலேயே விளக்குக்குத் தனி ஒயர் இருந்தால், மல்டிமீட்டர் வைத்து அது எத்தனை வோல்ட் தருகிறது என்று பார்த்த பிறகு அதற்கேற்ற விளக்கை வாங்குங்கள்.