மருத்துவமனைத் தொடர்களில் மீண்டும் மீண்டும் வரும் மருத்துவர் பாத்திரங்களுள் உங்கள் மனத்தில் நின்றவர் யார், ஏன்?

'இ.ஆர்.' (மருத்துவமனையின் அவசரப் பிரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம்) என்ற அமெரிக்கத் தொடரில் வரும் டாக்டர் கெரி வீவர். 1994 முதல் 2009 வரை 15 சீசன்கள் ஓடிய அந்தத் தொடரைப் பலர் நடிகர் ஜார்ஜ் க்ளூனிக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் கதை வேறு. என் அக்கா கோலாலம்பூரில் ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தாதியாகப் பணிபுரிந்தவர். இரவு வேலை முடிந்து செந்தூல் வீட்டுக்கு வந்து, பெட்டாலிங் தெருவில் நான் வாங்கி வைத்திருந்த வட்டுகளைப் (அவை அசலா என்று கேட்காதீர்கள்) போட்டுப் பார்த்துக்கொண்டே மைலோ குடிப்பார். அவருக்குப் பிடித்தவர் வீவர் ஒருவரே.

1995 இல், இரண்டாவது சீசனின் தொடக்கத்தில், சிகாகோவிலுள்ள கற்பனை மருத்துவமனையான கவுன்டி ஜெனரலுக்குத் தலைமைப் பயிற்சி மருத்துவராக வீவர் வருகிறார். அவராக நடித்த லாரா இன்னஸ் அடுத்த சீசனில்தான் நிரந்தர நடிகர்களுள் ஒருவரானார். வந்த நாள் முதல் விதிமுறை, கோப்பு, நேரம் என்று எல்லாரையும் விரட்டும் அவரைச் சக மருத்துவர்களுக்குப் பிடிப்பதில்லை. பார்வையாளர்களுக்கும் பிடிக்கக் கூடாது என்றே எழுதினார்களோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. அக்காவோ, "எல்லாரும் இவங்களத் திட்டுறாங்க, ஆனா இவங்க போட்ட ரோஸ்டர்படிதானே வேலை செய்றாங்க, பாரேன்" என்பார். நோயின் கடுமைக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று மண்டலங்களாகப் பிரித்த நம் அவசரப் பிரிவுகளில், பச்சை மண்டலத்து நாற்காலிகளில் மணிக்கணக்காகக் காத்திருப்பவர்களின் முணுமுணுப்பையும், சிவப்பு மண்டலத்துக்குள் திடீரெனத் தள்ளிவரப்படும் கட்டிலையும் ஒரே நேரத்தில் சமாளித்தவருக்கு, யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் ஒரு குரலின் மதிப்பு தெரிந்திருந்தது.

ஆனால் வீவரை நல்லவராகவே காட்டியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 2001 இல் ஒளிபரப்பான எட்டாவது சீசனின் தொடக்கத்தில், அவசரத்துக்கு அழைக்க உதவும் தம் பேஜர் கருவியை எதிர்ப்புற உணவகத்தில் மறந்து வந்துவிடுகிறார். அவரை அழைத்து அழைத்துப் பதில் கிடைக்காத நிலையில் மலூச்சி, சென் என்ற இரு மருத்துவர்கள் தாங்களாகவே சிகிச்சையைத் தொடர, மார்ஃபான் நோய்க்கூறு (உடலின் இணைப்புத் திசுக்களைப் பாதிக்கும் மரபுக் குறை) இருப்பது கண்டறியப்படாத நோயாளி இறந்துபோகிறார். தம் தவற்றை ஒப்புக்கொள்ளாத வீவர் பழியை அவ்விருவர்மீதும் சுமத்துகிறார். மலூச்சியின் வேலை போய்விடுகிறது. விதிமுறையைப் பிறருக்கு ஓதியே வளர்ந்த ஒருவர், அதே விதிமுறையைத் தமக்குக் கேடயமாகப் பிடிக்கும் அந்தக் கட்டத்தை அக்கா வாய் திறவாமல் பார்த்தார். வட்டை மாற்றச் சொல்லவும் இல்லை.

இன்னொன்று அவருடைய ஊன்றுகோல். முழங்கைக்குக் கீழே வளையம் பொருத்திய அந்தக் கோலுடன்தான் அவர் ஆண்டுக்கணக்காக நடமாடுகிறார். ஏன் என்று தொடர் நெடுங்காலம் விளக்கவே இல்லை. அனுதாபத்துக்காக அதைக் காட்டாமல், கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பைப் போல் சாதாரணப் பொருளாகவே விட்டுவிட்டார்கள். நம் தொடர்களில் இப்படி ஒருவர் வந்தால் முதல் வாரத்திலேயே வயலின் இசையுடன் விபத்துக் காட்சி ஒன்று வந்துவிடும். பிறவியிலேயே இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறை என்பது 11 ஆவது சீசனில்தான், அவரைப் பெற்ற தாய் தேடி வரும் கதையின்போது, நமக்குத் தெரிகிறது.

அடுத்த சீசனில் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் அந்தக் கோல் மறைந்துவிட்டது. அவ்வளவு ஆண்டுகள் நொண்டி நடித்ததால் இன்னஸின் உடலுக்கே பாதிப்பு ஏற்பட்டிருந்தது என்பதே அதற்குக் காரணம். அந்த அத்தியாயங்களைப் பார்த்தபோது அக்கா பணி ஓய்வு பெற்றிருந்தார், திரையில் வீவர் கைவீசி நடந்து வருவதைக் கண்டு, "கோல் எங்க?" என்று இருமுறை கேட்டார்.